எந்த ஊரை எழுதணும், சார்?

வடக்கே இருந்து சென்ட்ரலுக்கு வருகிற ரயிலில் ஒரு தடவையாவது வந்தவர்களுக்கு பேசின் பிரிட்ஜைத் தெரிந்திருக்கும். ஊர் வந்துவிட்டது என்று பையை இறக்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போய் நிற்போம். வண்டி பேசின் பிரிட்ஜில் நின்றுவிடும். சென்ட்ரலில் பிளாட்பாரம் காலியாகிற வரைக்கும் பத்து நிமிஷம், சில நாள் அரை மணி நேரம். சாப்ராவிலும் ஹௌராவிலும் ஏறி, கக்கூஸ் ஓரமாகவே குந்தி வந்த ஆட்கள் நிதானமாகப் பார்க்கிற முதல் சென்னை இதுதான். பின்னிக் கிடக்கும் தண்டவாளங்கள், பக்கிங்ஹாம் கால்வாயின் கறுப்புத் தண்ணீர், அப்புறம் அந்த மஞ்சள் பலகை. 'பேசின்' என்பது இங்கிலீஷ்காரன் விட்டுப்போன பெயர். ஆனால் பழைய தமிழில் படித்தால் 'பேசினால்' என்று அர்த்தம் வரும். இதை ஒரு நாள் என் வகுப்பில் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அந்த ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில், நண்பர் ஒருவர் கொடுத்திருக்கும் மாடி அறையில், நாலு வருஷமாக சாயங்காலத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பதினைந்து பேருக்குள்தான். அப்பாக்கள் கிடங்கில் மூட்டை தூக்குகிறார்கள், மெட்ரோ வேலையில் கம்பி கட்டுகிறார்கள், மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகள் பகலில் பக்கத்து அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்கே தமிழில் தடுமாறுகிறவர்கள் இங்கே வருவார்கள். சம்பளம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. நான் டீச்சர் டிரெய்னிங் படித்தவனும் இல்லை. தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன், தெரியாததையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

ஆரம்பத்தில் ஒரு விதி வைத்திருந்தேன். அறைக்குள் தமிழ் மட்டும். வேறு மொழி வாயில் வந்தால் ஒரு வார்த்தைக்கு ஒரு ரூபாய் உண்டியலில் போடணும். மாசக் கடைசியில் அந்தக் காசில் சமோசா. பசங்களுக்கு இது விளையாட்டுதான், ஒருத்தனை ஒருத்தன் மாட்டிவிட்டுச் சிரிப்பார்கள். இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில் தமிழ் பேசினால் ஃபைன் போடுகிறார்கள் என்று ஃபேஸ்புக்கில் நான் கொதித்து எழுதியிருக்கிறேன். அதே ஃபைனைத்தான் நானும் வாங்கிக்கொண்டிருந்தேன். சமோசா இருந்ததால் தெரியவில்லை.

உண்டியலில் கிட்டத்தட்ட காசே போடாத ஒருவன் இருந்தான். பெரியவன் என்று வைத்துக்கொள்வோம். சாப்ரா பக்கத்து கிராமம். ஆறு வயசில் வந்தவன், இப்போது பத்தாவது. நான் பார்த்ததிலேயே வேகமாகத் தமிழ் பிடித்தவன் அவன்தான். ளகர ழகரம் எங்கள் தெருப் பசங்களைவிட சுத்தம். அவன் அம்மா ஒரு நாள் படியேறி வந்து அவனிடம் ஏதோ கேட்டார், போஜ்புரியில். அவன் தமிழில் பதில் சொன்னான். அம்மாவுக்கு அது பாதி புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

போன வருஷம் தர்பங்கா பக்கமிருந்து ஒரு பெண் குழந்தை புதிதாக வந்தது. ஒன்பது வயசு. முதல் நாள், எங்கே உட்காருவது என்று தெரியாமல் பெரியவனிடம் ஏதோ கேட்டது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான்: "ஏய் வடக்கு, அப்பால போய் குந்து." வகுப்பே சிரித்தது. சிரித்த அத்தனை பேரும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "நீ மட்டும் எங்கேருந்துடா வந்தே?" என்று கத்தினேன்.

அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "நான் வந்து ஒம்போது வருஷம் ஆச்சு, சார்" என்றான். நோட்டை மூடிப் பையில் வைத்தான். எழுந்து போய்விட்டான். மூன்று வாரம் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். நான் அவனைத் திட்டியது அவன் சொன்ன வார்த்தைக்காக. ஆனால் திட்டின விதத்தில் அதே வார்த்தையை அவன்மேல் திருப்பிப் போட்டுவிட்டேன். ஒன்பது வருஷமாக அவன் உழைத்து வாங்கின ஊரை ஒரே வாக்கியத்தில் பிடுங்கிவிட்டு, மறுபடியும் ரயிலில் ஏற்றிவிட்டேன். அது என்னால் முடிந்தது. இந்த ஊரில் பிறந்த எவனாலும் முடியும்.

கலாச்சாரத்தில் கரைவதா, அடையாளத்தைக் காப்பதா என்ற விவாதத்தைப் புத்தகங்களில் படிக்கும்போது அது இரண்டு பக்கத் தராசு மாதிரி இருக்கும். ஒரு தட்டில் புதிய ஊரின் மொழி, மறு தட்டில் பழைய ஊரின் மொழி. தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று நான் அதுவரை கேட்டதில்லை.

பேசின் பிரிட்ஜிலிருந்து நடந்து போகிற தூரம்தான் மூலக்கொத்தளம் சுடுகாடு. அங்கே நடராசனும் தாளமுத்துவும் இருக்கிறார்கள். 1938-ல் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது மறியல் செய்து சிறைக்குப் போனவர்கள். நடராசன் 1939 ஜனவரியிலும் தாளமுத்து அதே வருஷம் மார்ச்சிலும் இறந்தார்கள். 1940-ல் அரசு அந்தக் கட்டாயத்தைத் திரும்பப் பெற்றது. ஒவ்வொரு ஜனவரி 25-ம் தேதியும் தலைவர்கள் மாலையோடு வந்து போகிறார்கள். நான் தனியாக ஒரு சாயங்காலம் போனேன். 'உன் பிள்ளை எந்த மொழியில் படிக்கணும் என்று தூரத்தில் இருக்கிற ஒருவன் முடிவு செய்யக்கூடாது' என்று சொல்லிச் செத்தவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, பீகார்ப் பிள்ளைகளுக்கு உண்டியல் வைத்த நான் யார் என்று யோசித்தேன்.

இரண்டும் ஒன்றில்லை என்று உடனே சொல்லத் தோன்றும். உண்மைதான், ஒன்றில்லை. கும்பகோணத்துப் பையனுக்கு அவன் வாழ்க்கையில் எங்கேயும் தேவைப்படாத மொழியை ஆட்சியைக் கையில் வைத்திருந்து திணிப்பது ஒன்று. இந்த ஊரில் வாழ்கிறவனுக்கு இந்த ஊர் மொழியைக் கொடுப்பது வேறு. கொடுக்காமல் இருப்பதுதான் துரோகம். தமிழ் தெரியாத ஏழைக்கு இந்த ஊர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மேஸ்திரி சொல்கிற கணக்குதான் கணக்கு. ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது என்று சொல்ல ஆள் தேடணும். என் வகுப்பில் பத்து வயசுப் பெண் ஒருத்தி, தன் அம்மாவின் தீட்டுப் பிரச்சினையை டாக்டருக்கு மொழிபெயர்த்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத் தலைப்பு எதிர்ச்சொல்.

அப்புறம் பரீட்சை. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாவது வரை தமிழ் கட்டாயப் பாடம். தெலுங்கு, உருது, கன்னடம், மலையாளம் பேசுகிற மொழிச் சிறுபான்மையினர் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2023-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த வருஷத்துப் பத்தாவது தமிழ்த் தேர்விலிருந்து விலக்கு கொடுத்தது. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர் பிள்ளைக்கு இரண்டும் கிடையாது. அவனுக்குத் தமிழ் வந்தால்தான் பதினொன்றாம் வகுப்பு. இல்லாவிட்டால் அப்பாவோடு கிடங்கு.

அமெரிக்காவில் 1974-ல் லாவ் எதிர் நிக்கல்ஸ் என்று ஒரு தீர்ப்பு வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் இங்கிலீஷ் தெரியாத சுமார் 1,800 சீனப் பிள்ளைகளை, ஒரு உதவியும் இல்லாமல் மற்றவர்களோடு உட்கார வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே வாத்தியார், ஆகவே சமம் என்றது பள்ளி நிர்வாகம். மொழி புரியாதவனுக்கு அதே புத்தகத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்றது நீதிமன்றம். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-ல் 'ரோஷ்னி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் மொழி தெரிந்த ஆட்களை வகுப்பில் வைத்து, அந்த மொழி வழியாகவே மலையாளத்துக்குக் கூட்டிப்போவது. புதிய மொழிக்குப் போகப் பழைய மொழியைப் படியாகப் போடுகிறார்கள். நான் அந்தப் படிக்குத்தான் ஃபைன் போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, புத்தி வந்தது. உண்டியலை எடுத்துவிட்டேன். புத்தி வந்தவன் செய்கிற அடுத்த தப்பையும் உடனே செய்தேன். 'உங்க ஊர்ப் பாட்டு, உங்க ஊர்ச் சாப்பாடு, உங்க ஊர்க் கதை' என்று சனிக்கிழமைகளில் ஆரம்பித்தேன். புதிதாக வந்த குழந்தையை முன்னால் நிறுத்தி, யூடியூபில் கற்ற இந்தியில் பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டேன். முழித்தது. பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான்: "சார், அதுக்கு இந்தி வராது. அதுங்களுது வேற."

வேறதான். அந்தக் குழந்தை வீட்டில் பேசுவது மைதிலி. பெரியவன் வீட்டில் போஜ்புரி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் 5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் மொழி போஜ்புரி என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேரையும் இந்தி என்ற தலைப்பின் கீழ்தான் கூட்டியிருக்கிறார்கள். மைதிலிக்காவது 2003-ல் எட்டாவது அட்டவணையில் இடம் கிடைத்தது. போஜ்புரிக்கு அதுவும் இல்லை. நாம் 'இந்திக்காரன்' என்று திட்டுகிற ஆளின் தாய்மொழியை இந்தி நமக்கு முன்னாடியே விழுங்கி உட்கார்ந்திருக்கிறது. இந்தித் திணிப்பை எதிர்க்கிற நாம் அந்த விழுங்கலை அப்படியே ஒப்புக்கொள்கிறோம் என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. மூலக்கொத்தளத்தில் இருக்கிற இரண்டு பேருக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் இருக்கிற உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது.

சனிக்கிழமைப் பாட்டு மூன்று வாரம்கூட ஓடவில்லை. ஒருத்தனுடைய அப்பா வந்தார். சண்டை போட வரவில்லை, ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். உடைந்த தமிழில் அவர் சொன்னதன் சாரம்: "எங்க பாட்டை நாங்க வீட்டுல பாடிக்கிறோம், சார். இங்க அனுப்பறது தமிழுக்கு. எல்லார் முன்னாடியும் எம்புள்ளைய பீகாரியா நிக்க வைக்காதீங்க."

ரிச்சர்ட் ரோட்ரிகஸ் என்ற மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர் 1982-ல் 'பசித்த நினைவு' என்று சொல்லத்தக்க தலைப்பில் ஒரு தன்வரலாறு எழுதினார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது பள்ளியிலிருந்து கன்னியாஸ்திரீகள் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளிடம் இங்கிலீஷில் பேசுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறார்கள். பெற்றோரும் ஸ்பானிஷை நிறுத்துகிறார்கள். பையன் முன்னுக்கு வருகிறான், வீடு மௌனமாகிவிடுகிறது. இதை எழுதிவிட்டு, அந்த இழப்பு தேவையானதுதான், இருமொழிக் கல்வி வேண்டாம் என்கிறார் அவர். எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த அப்பா படியிறங்கிப் போனபோது எனக்கு ரோட்ரிகஸ் நினைவுக்கு வந்தார். பொது இடத்தில் வெறும் ஒரு பையனாக, வெறும் ஒரு மாணவனாக இருக்கிற உரிமையும் உரிமைதானே. உண்டியல் வைத்தபோது அவன் என்னவாக இருக்கக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். பாட்டுப் பாட வைத்தபோது அவன் என்னவாக இருக்கணும் என்று முடிவு செய்தேன்.

இந்த முடிவை எல்லாரிடமும் எடுக்கமாட்டோம் என்பதையும் சொல்லணும். பேசின் பிரிட்ஜிலிருந்து சௌகார்பேட்டை ரொம்ப தூரமில்லை. மார்வாடியும் குஜராத்தியும் தலைமுறை தலைமுறையாக அங்கே கேட்கிறது. போர்டு இந்தியில் இருக்கும், சாப்பாடு அவர்களுடையது, பண்டிகை அவர்களுடையது. அவர்களும் வடக்கிலிருந்துதான் வந்தார்கள். ஆனால் அவர் 'சேட்டு'. இவன் 'வடக்கன்'. அடகுக் கடைப் படியேறி நிற்கும்போது நம் வாயில் வடக்கன் வராது. கரைந்து போ என்று நாம் கேட்பது கையில் காசில்லாதவனிடம் மட்டும்தான்.

வெளிநாட்டில் நாம் என்ன செய்கிறோம்? டொரண்டோவிலும் லண்டனிலும் சனி ஞாயிறில் பிள்ளையைக் காரில் உட்கார வைத்துத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோகிறோம். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, அவற்றைக் காப்பது உயிர்ப் பிரச்சினை என்கிறோம். மும்பை மாநகராட்சி தாராவியில் தமிழ்வழிப் பள்ளி நடத்துகிறது. அதுதான் நியாயம். சென்னை மாநகராட்சியில் ஒரு போஜ்புரி வகுப்பு என்று சொல்லிப் பாருங்கள்.

தமிழர்களாகிய நமக்கு இரண்டு ஊர் வைத்துக்கொள்வது பழக்கமானதுதான். சென்னையில் பிறந்து, சென்னையில் கல்யாணமாகி, சென்னையில் வீடு கட்டினவரைக் கேளுங்கள். "சொந்த ஊர் திருநெல்வேலி" என்பார். பொங்கலுக்கு ஊரே காலியாகும். அவரை யாரும் சென்னைக்குத் துரோகி என்று சொல்வதில்லை. பெரியவன் மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். தேர்ந்தெடுத்தாலும், அதை ரத்து செய்கிற அதிகாரம் என்னிடம் இருக்கும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றியபோது என் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. இரண்டு குடும்பம் ரயிலேறிவிட்டது. வதந்தி பொய். ஆனால் அதை நம்பும்படியாக அவர்களுக்கு இந்த ஊரில் தினமும் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அதற்கு என் பங்கும் உண்டு என்று இப்போது தெரிகிறது.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் தண்டையார்பேட்டை. அப்பாவுக்கு ஹார்பரில் வேலை. பொங்கலுக்குப் போக வேறு ஊர் கிடையாது. காலேஜில் முதல் நாள் "இன்னா" என்று வாயைத் திறந்தேன், பெஞ்சே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. சினிமாவில் காமெடியன் பேசுகிற பாஷை. ஆறே மாசத்தில் 'என்ன' ஆகிவிட்டேன். 'வந்துகினு' போய் 'வந்துகொண்டு' ஆனது. அப்பா ஒரு நாள் சொன்னார்: "இன்னாடா, ரேடியோ மாரி பேசற?" அதற்கப்புறம் அவரிடம் பேசுவதே குறைந்துபோனது. தமிழிலிருந்து தமிழுக்கே இப்படி ஊர் மாறமுடியும். அந்தச் சிரிப்பை வாங்கின நான்தான் நாலு வருஷமாக இந்தப் பிள்ளைகள் தெருவில் பொறுக்கிக்கொண்டு வந்த 'இன்னா சார்'-ஐ 'என்ன சார்' என்று திருத்திக்கொண்டிருந்தேன். பெரியவன் 'குந்து' என்று சொன்னபோது என் காதில் முதலில் விழுந்தது அந்த வார்த்தைதான், 'வடக்கு' இல்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இவர்கள் கரைகிற தமிழ் எது என்று பாருங்கள். மெட்ராஸ் பாஷை. 'நைனா' தெலுங்கு. 'துட்டு' டச்சுக்காரன் காசு, 'கக்கூஸ்' அவன் வீட்டுப் பின்கட்டு. 'பேஜார்', 'உஷார்', 'மஜா' எல்லாம் உருது வழியாக வந்தவை. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் வியாசர்பாடியில் குடியேறினார்கள், பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடை போட்டார்கள். இன்றைக்கு அத்தோ வடசென்னைச் சாப்பாடு. நான் ஒரு நாள் காலை உணவு என்று போர்டில் எழுதிவிட்டு, 'நாங்க நாஷ்டான்னு சொல்வோம்' என்றேன். புதிதாக வந்த குழந்தை முதல் தடவையாகத் தலையைத் தூக்கி, "நாஸ்தா?" என்றது. அதன் வார்த்தை அதற்கு முன்னாலேயே இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அவரவர் மூட்டையை இறக்கித்தான் இந்தப் பாஷை ஆனது. கடைசியாக வந்தவனிடம் மட்டும் மூட்டையை வெளியே வை என்கிறோம்.

இதனால் என் வகுப்பு ஏதோ பெரிதாக மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். உண்டியல் இல்லை, பாட்டும் இல்லை. அவர்களுக்குள் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், போர்டில் தமிழ் இருக்கும். 'குந்து' என்று எழுதினால், பரீட்சையில் 'உட்கார்' என்று எழுது, வெளியே குந்திக்கோ என்கிறேன். யாரையும் எந்த ஊர் என்று கேட்பதை விட்டுவிட்டேன். இது கஷ்டமாக இருக்கிறது. தமிழில் ஒருவரிடம் பேச்சைத் தொடங்க வேறு கேள்வியே இல்லையோ என்னவோ.

பெரியவன் திரும்பி வந்தது எனக்காக இல்லை, அரையாண்டுத் தேர்வுக்காக. நான் அவன் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை அவன் இல்லை, இரண்டாவது தடவை இருந்தும் வரவில்லை. அவன் அம்மா டீ கொடுத்தார். நான் சொன்ன மன்னிப்பு அவருக்குப் புரியவில்லை, அதை மொழிபெயர்க்க வேண்டியவனோ உள்ளே இருந்தான். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கடைசி வரிசையில் உட்கார்ந்தான். புதிய குழந்தையிடம் அவன் மன்னிப்பு கேட்டானா என்று தெரியாது. இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள், போஜ்புரியும் மைதிலியும் ஏதோ ஒரு இடத்தில் சந்திக்கும்போல. நான் பக்கத்தில் போனால் தமிழுக்கு மாறிவிடுகிறான். அது பழக்கமா, எச்சரிக்கையா, எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குக் கடிதப் பயிற்சி கொடுத்தேன். வழக்கமான கேள்விதான்: உங்கள் ஊரின் சிறப்புகளை விளக்கி நண்பனுக்குக் கடிதம் எழுதுக. அவன் பேனாவை மூடிக்கொண்டு கேட்டான்: "எந்த ஊரை எழுதணும், சார்?"

"உனக்கு எது தோணுதோ அது" என்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தான். அனுப்புநர் பேசின் பிரிட்ஜ், சென்னை. பெறுநர் சாப்ரா பக்கத்தில் ஒரு கிராமம். உள்ளே இந்த ஊரைப் பற்றித்தான் எழுதியிருந்தான். எங்கள் ஊரில் எல்லா ரயிலும் நின்றுதான் போகும், இறங்கவேண்டியவர்கள் இறங்காமல் எட்டிப் பார்ப்பார்கள், கால்வாய் நாற்றம் அடிக்கும், ஆனால் சாயங்காலம் காற்று கடலிலிருந்து வரும். நீ வந்தால் சென்ட்ரல் வரை போகவேண்டாம், இங்கேயே குதித்துவிடு என்று முடித்திருந்தான். குதிப்பது ஆபத்து என்று ஓரத்தில் எழுதினேன். 'பிறிட்ஜ்' என்று வல்லின றகரம் போட்டிருந்ததைச் சுழித்தேன்.

"இந்த பிரெண்டுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமாடா?" என்று கேட்டேன்.

"பரீட்சைக்குத்தான சார்" என்றான்.